டெக்சஸில் புதிய மின் நிறுவனத்தில் சேரும் முன் பார்க்க வேண்டியவை

ஜூலை மாத வெயிலில் டல்லாஸை அடுத்த இர்விங்கில் குடியேறினோம். மின் கணக்கு எண்ணைக் காட்டினால்தான் சாவி என்று அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பெட்டிகள் காரில் கிடந்தன, குழந்தை அழுதுகொண்டிருந்தது. கைப்பேசியில் விலைப் பட்டியலைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே மிகக் குறைந்த விலையுடன் நின்ற நிறுவனத்தில் பத்து நிமிடத்தில் சேர்ந்துவிட்டேன். தொழிலுக்கு வந்து அதிக நாள் ஆகாத நிறுவனம் அது.

கோடை முழுவதும் குறை இல்லை. அக்டோபரில் ஏ.சி.யைக் குறைத்தோம், மின் பயன்பாடும் குறைந்தது, ஆனால் பில் செப்டம்பரைவிட அதிகமாக வந்தது. காரணம் கேட்டு நாற்பது நிமிடம் தொலைபேசியில் காத்திருந்தேன். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. விலகலாம் என்றால் அபராதம். கடைசியில் விலகிய பிறகு, கட்டிய டெபாசிட்டைத் திரும்பப் பெற நான்கு மாதம் துரத்த வேண்டியிருந்தது.

புதிய நிறுவனங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. இப்போது நான் இருப்பதும் ஒரு புதிய நிறுவனத்தில்தான், நிம்மதியாக இருக்கிறேன். இரண்டாவது முறை சேர்வதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிச் சில சோதனைகளைச் செய்தேன். அவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் முகவரிக்கு மின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறதா?

டெக்சஸ் முழுவதும் மின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. டல்லாஸ், ஃபோர்ட் வொர்த், ஹூஸ்டன், கார்ப்பஸ் கிறிஸ்டி ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சுற்றிய ஊர்கள் பலவற்றிலும் முடியும். லப்பக் நகரம் 2024இல் இந்தச் சந்தையில் சேர்ந்தது. ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் நகராட்சியின் மின் நிறுவனம் மட்டுமே. எல் பாசோவும் இதற்கு வெளியே இருக்கிறது. கூட்டுறவு அமைப்புகள் மின்சாரம் தரும் இடங்களிலும் பெரும்பாலும் தேர்வு கிடையாது. ஃபிரிஸ்கோ போன்ற ஊர்களில் ஒரு பகுதிக்குக் கூட்டுறவு, அடுத்த பகுதிக்குப் போட்டிச் சந்தை என்று பிரிந்திருக்கும். ஆகவே ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், வீட்டு முகவரியை வைத்துப் பாருங்கள்.

வாடகை வீடென்றால் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: மின் கணக்கு உங்கள் பெயரில் தொடங்க வேண்டுமா, அல்லது உரிமையாளரே மின்சாரத்தை வாங்கி உங்களுக்குப் பங்கிட்டு வசூலிக்கிறாரா? இரண்டாவது வகை என்றால் நீங்கள் தேர்ந்தெடுப்பதற்கு எதுவும் இல்லை.

2. கம்பி ஒருவருடையது, பில் இன்னொருவருடையது

நம் ஊரில் கம்பம், மீட்டர், பில் எல்லாம் மின்வாரியம் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. கம்பமும் கம்பியும் மீட்டரும் கம்பி நிறுவனத்தின் சொத்து. டல்லாஸ் வட்டாரத்தில் ஆன்கார், ஹூஸ்டனில் சென்டர்பாயிண்ட், தென் டெக்சஸில் ஏ.இ.பி. டெக்சஸ், சிதறிய சில பகுதிகளில் டி.என்.எம்.பி. இவர்களை நீங்கள் மாற்ற முடியாது. மாநிலத்தின் பெரும்பகுதியில் மின் கட்டமைப்பை இயக்கும் அமைப்பு எர்காட். நீங்கள் தேர்ந்தெடுப்பது மின்சாரத்தை மொத்த விலைக்கு வாங்கி உங்களுக்கு விற்று பில் அனுப்பும் விற்பனை நிறுவனத்தை மட்டும்.

புதிதாக வருபவர்களுக்கு வரும் முதல் பயம், சின்ன நிறுவனத்தில் சேர்ந்தால் அடிக்கடி மின்சாரம் போகுமோ என்பது. போகாது. எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் அதே கம்பி, அதே மின்சாரம். மின்தடை வந்தால் அழைக்க வேண்டியதும் கம்பி நிறுவனத்தைத்தான். புதிய நிறுவனத்தால் உங்களுக்கு நேரக்கூடிய ஆபத்து பணத்தில்தான் இருக்கிறது: விலை, பில் பிழை, டெபாசிட், நிறுவனம் மூடப்படுவது.

கம்பி நிறுவனத்தின் கட்டணமும் உங்கள் பில்லில்தான் சேரும். எந்த விற்பனை நிறுவனமாக இருந்தாலும் அந்தத் தொகை ஒன்றே. 'எங்களிடம் கம்பிக் கட்டணம் இல்லை' என்று யாராவது சொன்னால், அதை மின்சார விலைக்குள் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

3. உங்கள் பன்னிரண்டு மாதப் பயன்பாட்டைக் கையில் எடுங்கள்

இந்த எண்கள் இல்லாமல் விலைப் பட்டியலைத் திறப்பது வீண். இங்கே அளவு கிலோவாட்-மணியில் இருக்கும். நாம் யூனிட் என்று சொல்வதும் அதுவே. ஆனால் நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள், இங்கே மாதாமாதம்.

ஏற்கெனவே இங்கே வீடு வைத்திருப்பவர்கள் ஸ்மார்ட் மீட்டர் டெக்சஸ் என்ற தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். பதினைந்து நிமிட இடைவெளியில் எவ்வளவு செலவானது என்பதுகூடத் தெரியும். பதிவுக்கு ஈ.எஸ்.ஐ. ஐடி என்ற எண்ணும் மீட்டர் எண்ணும் வேண்டும், இரண்டும் பில்லில் இருக்கும். ஈ.எஸ்.ஐ. ஐடி என்பது உங்கள் வீட்டின் மின் இணைப்புக்கான அடையாள எண். பகுதியைப் பொறுத்து 17 அல்லது 22 இலக்கம் வரும். இதைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கேட்பார்கள்.

புதிதாக வந்தவர்களிடம் பழைய கணக்கு இருக்காது. அதே அமைப்புள்ள வீட்டில் குடியிருக்கும் ஒருவரிடம் ஜனவரி, ஏப்ரல், ஆகஸ்ட், அக்டோபர் பில்களில் உள்ள யூனிட் எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள், தொகை வேண்டாம். நான் கேட்டபோது மாடி வீட்டு அம்மா தன் ஓராண்டு பில்களையே எடுத்துத் தந்தார். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது எரிவாயுவாலா மின்சாரத்தாலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் என்றால் ஜனவரிப் பயன்பாடு கோடைக்கு இணையாகவே ஏறலாம்.

4. விலைப் பட்டியலைத் திறக்கும்போது

மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம், சுருக்கமாகப் பி.யு.சி., நடத்தும் பவர் டு சூஸ் என்ற தளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் திட்டங்கள் வரும். அரசு நடத்தும் தளம் என்பதால் மேலே இருப்பது நல்ல திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் செய்த தவறு அதுதான். அந்தப் பட்டியல் விலையை வரிசைப்படுத்துகிறது, தரத்தை அல்ல.

பட்டியலில் தெரியும் விலை, மாதம் சரியாக 1,000 யூனிட் செலவழித்தால் வரும் சராசரி. அந்த ஓர் எண்ணில் மட்டும் மலிவாகத் தெரியும்படி திட்டங்களை வடிவமைக்கிறார்கள். புதிய நிறுவனம் வாடிக்கையாளரைச் சேர்க்க வேண்டிய அவசரத்தில் இருப்பதால் பட்டியலின் உச்சிக்கு வர இந்த வழியை நாடுவது இயல்பு. பயன்பாட்டு அளவுக்கேற்பச் சலுகையோ கூடுதல் கட்டணமோ வரும் திட்டங்களை விலக்கிக் காட்டும் வசதியும் அதே தளத்தில் உண்டு. அதை அழுத்தியவுடன் பட்டியலின் முகமே மாறிவிடும்.

'நிலையான விலை' என்ற வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் மாறும் வகையில் முதல் மாத விலைக்கு மட்டுமே உறுதி உண்டு. நிலையான விலையும் முழுக்க நிலையானதன்று. கம்பிக் கட்டணம், எர்காட்டின் நிர்வாகக் கட்டணம், சட்ட மாற்றம் ஆகியவற்றால் வரும் கூடுதலை உங்கள்மேல் சேர்க்க விதி அனுமதிக்கிறது.

5. இ.எஃப்.எல். என்ற தாளைப் பென்சிலோடு படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள், சுருக்கமாக இ.எஃப்.எல்., ஒவ்வொரு திட்டத்துக்கும் நிறுவனம் கட்டாயம் தர வேண்டிய தாள். ஒரே மாதிரி அமைப்பில் இருக்கும். மேலே 500, 1,000, 2,000 யூனிட்டுக்கான சராசரி விலை மூன்று கட்டங்களில் இருக்கும். அதன் கீழே விலை எப்படிக் கூட்டப்பட்டது என்பது இருக்கும்: மின்சாரக் கட்டணம், மாத அடிப்படைக் கட்டணம், கம்பிக் கட்டணம், சலுகை. மேலே உள்ள மூன்று எண்களை விட்டுவிட்டுக் கீழே உள்ளதை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

கணக்குக்காக நானே எண்களை வைத்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். கம்பிக் கட்டணம் யூனிட்டுக்கு 5 சென்ட், மாதத்துக்கு 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் திட்டத்தில் மின்சாரம் 15 சென்ட், 1,000 யூனிட்டை எட்டினால் 100 டாலர் கழிவு. 1,000 யூனிட்டுக்கு 150 டாலரும் கம்பிக்கு 54 டாலரும் சேர்ந்து 204, கழிவு போக 104 டாலர். யூனிட்டுக்கு 10.4 சென்ட். பட்டியலில் இது மேலே நிற்கும்.

இரண்டாவது திட்டத்தில் மின்சாரம் 9 சென்ட், கழிவு எதுவும் இல்லை. 1,000 யூனிட்டுக்கு 144 டாலர், அதாவது 14.4 சென்ட். பட்டியலில் இது எங்கோ கீழே கிடக்கும்.

இப்போது 950 யூனிட் செலவான மாதத்தைப் பாருங்கள். முதல் திட்டத்தில் கழிவு கிடைக்காது, 194 டாலர். இரண்டாவதில் 137 டாலர். 500 யூனிட்டே செலவான மாதத்தில் முதல் திட்டம் 104 டாலர். 1,000 யூனிட்டுக்குக் கட்டியதும் இதே தொகைதான்.

ஓராண்டு முழுவதற்கும் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஆண்டுக்கு 10,900 யூனிட் செலவாகிறது, ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் மட்டும் 1,000ஐத் தாண்டுகிறது என்று கொள்ளுங்கள். முதல் திட்டத்துக்கு ஆண்டுக்கு 1,828 டாலர், இரண்டாவதற்கு 1,574 டாலர். பட்டியலில் மலிவாகத் தெரிந்தது 254 டாலர் அதிகம் வாங்குகிறது. என் அக்டோபர் பில் ஏறிய காரணம் இதுதான். அந்த மாதம் நாங்கள் 1,000 யூனிட்டைத் தொடவில்லை.

நம் ஊரில் குறைவாகச் செலவழித்தால் குறைந்த அடுக்கு, முதல் 100 யூனிட் இலவசம் என்று பழகியவர்கள் நாம். இங்கே இந்த வகைத் திட்டங்கள் நேர்மாறாக வேலை செய்கின்றன, சிக்கனமாக இருப்பவரைத் தண்டிக்கின்றன. நம் பழக்கத்தை நம்பி முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

இதே தாளில் இன்னும் சிலவற்றைத் தேடுங்கள். குறைந்தபட்சப் பயன்பாட்டுக் கட்டணம் உண்டா? விலகினால் அபராதம் எவ்வளவு? அது ஒரே தொகையா, மீதமுள்ள மாதங்களைப் பெருக்கி வருவதா? மாதத்துக்கு 20 டாலர் என்றால் 24 மாத ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் விலகுபவருக்கு 480 டாலர். தானாகப் பணம் எடுத்துக்கொள்ள அனுமதி தந்தால்தான் இந்த விலையா? இரவு இலவசம், வார இறுதி இலவசம் என்றால் பகல் விலை என்ன? குழந்தைகளும் பெரியவர்களும் பகலில் வீட்டிலிருக்கும் குடும்பத்துக்கு இரவு இலவசத் திட்டம் பெரும்பாலும் பொருந்தாது. தாளில் உள்ள விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இ.எஃப்.எல். தாளையும், டேர்ம்ஸ் ஆஃப் சர்வீஸ் என்ற ஒப்பந்த விதிகளையும், வாடிக்கையாளர் உரிமைகள் என்ற ஆவணத்தையும் சேரும் அன்றே பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிடுங்கள். திட்டம் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு தளத்தில் அந்தத் தாளைக் கண்டுபிடிப்பது கடினம். நான் சேமிக்கவில்லை. தொலைபேசியில் அவர்கள் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

6. நிறுவனம் யாருடையது என்று தேடுங்கள்

விலை பொருந்தினால் அடுத்தது ஆளைப் பார்ப்பது. இதற்கு முக்கால் மணி நேரம் போதும், செலவும் இல்லை.

அ) இ.எஃப்.எல். தாளிலேயே பி.யு.சி. சான்றிதழ் எண் இருக்கும். பி.யு.சி. தளத்தில் உள்ள விற்பனை நிறுவனங்களின் பட்டியலில் அந்த எண்ணைத் தேடுங்கள். பெயரைவிட எண் முக்கியம். ஒரே நிறுவனம் ஒரே சான்றிதழின் கீழ் இரண்டு மூன்று வணிகப் பெயர்களில் விற்கலாம். புதிதாகத் தெரியும் பெயருக்குப் பின்னால் பத்தாண்டு பழைய நிறுவனம் இருக்கலாம். பழையது கெட்ட பெயர் எடுத்ததால் புதுப் பெயர் சூட்டியிருக்கவும் கூடும். எண் இரண்டையும் காட்டிக்கொடுக்கும்.

ஆ) சான்றிதழ் கேட்டு நிறுவனம் தந்த விண்ணப்பமும், பெயர் மாற்றம், உடைமை மாற்றம் பற்றிய மனுக்களும் பி.யு.சி.யின் ஆவணத் தேடலில் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கும். நடத்துபவர்கள் யார், மின் வணிகத்தில் அவர்களுக்கு முன்னனுபவம் உண்டா என்பதை அதில் பார்க்கலாம். நிதி விவரங்களை மறைத்திருப்பார்கள், பரவாயில்லை. முதலில் பார்க்கும்போது மிரட்டும் ஆவணங்கள்தான், ஆனால் உங்களுக்கு வேண்டியது முதல் சில பக்கங்கள் மட்டும்.

இ) மாநிலத்தின் வரி, கணக்குகளைப் பார்க்கும் டெக்சஸ் கம்ப்ட்ரோலர் அலுவலகத் தளத்தில் நிறுவனப் பெயரைத் தேடினால் எப்போது பதிவானது, இப்போது வணிகம் செய்யும் உரிமை செயலில் இருக்கிறதா என்பது தெரியும். இலவசம்.

ஈ) பவர் டு சூஸ் தளத்தில் புகார்களை வைத்து நட்சத்திர மதிப்பீடு இருக்கும். புதிய நிறுவனத்துக்கு இதில் அதிகம் சாய வேண்டாம். வாடிக்கையாளர் சேர்ந்து சில மாதமே ஆகியிருந்தால் புகார் வர நேரமே இருந்திருக்காது. சேரும்போது எல்லோரும் இனிமையாகத்தான் இருப்பார்கள். விலகும்போதுதான் உண்மை முகம் தெரியும். ஆகவே இணையத்தில் விமர்சனங்களைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரங்களை ஒதுக்கிவிட்டு, நான்கு சொற்களைத் தேடுங்கள்: கடைசி பில், டெபாசிட், வீடு மாற்றம், புதுப்பிப்பு. யாரையாவது சேர்த்துவிட்டால் சலுகை என்ற திட்டம் அந்த நிறுவனத்தில் இருந்தால், புகழ்ந்து எழுதியவர்களில் சிலர் அந்தச் சலுகைக்காக எழுதியிருக்கலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

உ) சேருவதற்கு முன் இரண்டு முறை அழையுங்கள். விற்பனைப் பிரிவின் எண்ணுக்கு வேண்டாம், பில் பிரிவுக்கு அழையுங்கள். ஒரு முறை பகலில், ஒரு முறை மாலை ஆறு மணிக்கு மேல். மனிதர் எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். எடுத்தவுடன் கேளுங்கள்: '999 யூனிட் செலவானால் என் பில் எவ்வளவு?' 'ஒப்பந்தம் முடிந்து நான் எதுவும் செய்யாவிட்டால் என்ன விலைக்குப் போவேன்?' 'டெபாசிட் எந்த நாளில், எந்த வழியில் திரும்பும்?' பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். நான் மூன்று நிறுவனங்களுக்கு அழைத்தேன். ஒன்றில் மட்டும் 999 யூனிட் கணக்கை உடனே போட்டுச் சொன்னார்கள், அரை மணி நேரத்தில் மின்னஞ்சலும் வந்தது. அங்கேதான் சேர்ந்தேன்.

புதிய நிறுவனம் என்றால் முதல் ஒப்பந்தத்தை ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்துக்கு மேல் எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. நீண்ட ஒப்பந்தத்தில் விலை ஒரு சென்ட் குறைவாக இருந்தாலும் சரி. முடியும் மாதம் கோடையின் நடுவிலோ கடுங்குளிரிலோ வராமல் பார்த்துக்கொண்டால், அடுத்த விலை தேடுவது எளிதாக இருக்கும். ஏப்ரல், மே, அக்டோபர் போன்ற மாதங்கள் நல்லவை.

7. நிறுவனம் மூடப்பட்டால் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனைப் பயம் அன்று. 2021 பிப்ரவரிக் குளிர்ப் புயலில் மொத்த விலை ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, 9,000 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டது. மொத்த விலையையே வாடிக்கையாளருக்கு மாற்றிவிட்ட கிரிடி என்ற நிறுவனத்தைப் பணம் கட்டாததால் எர்காட் சந்தையிலிருந்து நீக்கியது. அடுத்த மாதமே அது திவால் மனு கொடுத்தது. அவ்வகைத் திட்டங்களை வீடுகளுக்கு விற்க அதே ஆண்டு சட்டம் தடை விதித்தது. ஆனால் மொத்த விலை ஏற்றத்துக்கு எதிராக முன்கூட்டியே மின்சாரத்தை வாங்கிவைக்காத சிறு நிறுவனம் இப்போதும் ஒரு கடும் குளிரிலோ வெயிலிலோ தடுமாறக்கூடும்.

அப்படி நடந்தால் உங்கள் மின்சாரம் நிற்காது. 'கடைசிப் புகலிட நிறுவனம்' என்று ஆணையம் நியமித்து வைத்திருக்கும் வேறொரு நிறுவனத்துக்கு உங்களைத் தானாக மாற்றுவார்கள். அதற்கான கடிதமோ மின்னஞ்சலோ வரும். அங்கே விலை பெரும்பாலும் அதிகம், புதிதாக டெபாசிட்டும் கேட்கலாம். அபராதம் இல்லாமல் அங்கிருந்து உடனே விலகலாம். ஆகவே கடிதம் வந்த அன்றே அடுத்த நிறுவனத்தைத் தேடுங்கள், ஒரு வாரம் தள்ளினாலும் அது பணம். பழைய நிறுவனத்தில் தானாகப் பணம் எடுக்கத் தந்த அனுமதியையும் வங்கியில் நிறுத்துங்கள், கடைசி பில்லைச் சரிபார்த்த பிறகு.

வேறொரு நிறுவனம் உங்கள் நிறுவனத்தை வாங்குவது வேறு கதை. அப்போது உங்கள் ஒப்பந்த விலையும் காலமும் அப்படியே தொடர வேண்டும். புதுப் பெயரில் வரும் முதல் பில்லை மட்டும் உற்றுப் பாருங்கள்.

8. ஆவணங்களும் டெபாசிட்டும்

சேரும்போது கேட்பவை: பெயர், முகவரி, ஈ.எஸ்.ஐ. ஐடி, பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண். வந்த சில வாரங்களில் இந்தக் கடைசி எண் பலரிடம் இருக்காது. சார்பு விசாவில் வந்தவர்களுக்கும் இருக்காது. அதனால் மின்சாரம் கிடைக்காது என்று அர்த்தமில்லை. இணையத்தில் விண்ணப்பிக்காமல் தொலைபேசியில் அழைத்துக் கடவுச்சீட்டோடு சேர வழி உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் உண்டு. கடன் வரலாறு இல்லாததால் டெபாசிட் கேட்பார்கள், அவ்வளவுதான்.

டெபாசிட்டுக்கு வரம்பு இருக்கிறது. அடுத்த இரண்டு மாதங்களுக்கான மதிப்பீட்டுப் பில், அல்லது ஓராண்டு மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து தவணை தவறாமல் கட்டினால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அமெரிக்காவில் வேறு மாநிலத்தில் ஓராண்டு மின் கணக்கு வைத்திருந்து ஒழுங்காகக் கட்டியவர்கள் அங்கிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால் டெபாசிட்டைத் தவிர்க்கலாம். உங்களோடு தங்கியிருக்கும் பெற்றோர் 65 வயதைக் கடந்து அவர்கள் பெயரில் கணக்கு இருந்தால், பழைய பாக்கி இல்லாதவரை டெபாசிட் விலக்குக் கேட்கலாம்.

டெபாசிட்டே வேண்டாம் என்று விளம்பரம் செய்பவை பெரும்பாலும் முன்பணத் திட்டங்கள். கைப்பேசிக்குப் பணம் போடுவதுபோல. இருப்புத் தீர்ந்தால் மின்சாரம் நின்றுவிடும். வேறு வழியே இல்லாத முதல் மாதத்துக்கு மட்டும் இது சரி.

புதிய நிறுவனத்தில் பெரிய டெபாசிட் கட்ட வேண்டியிருந்தால் நான் பின்வாங்குவேன். வாடிக்கையாளர் டெபாசிட்டைப் பாதுகாத்து வைக்க விதி இருக்கிறது, ஆனாலும் திரும்பப் பெறும் அலைச்சல் உங்களுடையது.

9. புது வீடா, நிறுவன மாற்றமா: சரியான சொல்லைச் சொல்லுங்கள்

புது வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அது 'மூவ் இன்'. அதே வீட்டில் நிறுவனத்தை மட்டும் மாற்றினால் அது 'ஸ்விட்ச்'. இந்த வேறுபாடு முக்கியமானது. ஸ்விட்ச் செய்பவர்களுக்கு ஒப்பந்த ஆவணம் கிடைத்த பின் மூன்று வேலை நாட்களுக்குள் அபராதமின்றி மனம் மாற உரிமை உண்டு. மூவ் இன் செய்பவர்களுக்கு இல்லை. குடியேறும் நாளில் அவசரமாகக் கையெழுத்திட்ட எனக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. விலையைக் காட்டி 'மூவ் இன் என்று போட்டுக்கொள்ளுங்கள்' என்று விற்பனையாளர் சொன்னாலும் பொய்யாக அப்படிப் பதியாதீர்கள்.

மூவ் இன் என்றால் குடியேறுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடக்கத் தேதியைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீட்டில் அன்றே இணைப்புக் கிடைப்பதும் உண்டு, ஆனால் அதை நம்பிச் சாவி வாங்கும் நாள்வரை தள்ளாதீர்கள். குடியிருப்பு அலுவலகத்தில் தரும் விளம்பரத் தாளில் உள்ள நிறுவனத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது கணக்கு எண் மட்டும்.

சில வீடுகளில் 'ஸ்விட்ச் ஹோல்ட்' என்ற தடை இருக்கும். முன்பிருந்தவர் தவணைப் பாக்கி வைத்திருந்தாலோ மீட்டரில் கை வைத்திருந்தாலோ அது வரும். நீங்கள் புதியவர் என்று காட்ட வாடகை ஒப்பந்தத்தின் நகலை நீங்கள் சேரும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்தான ஒப்பந்தத்தின் பி.டி.எஃப். கைப்பேசியில் இருந்தால் அன்றே முடித்துவிடலாம்.

ஸ்விட்ச் செய்பவர்கள் பழைய நிறுவனத்தை அழைத்து 'நிறுத்துங்கள்' என்று சொல்லவே கூடாது. வீட்டைக் காலி செய்வதாகப் பதிந்து மின்சாரத்தையே துண்டித்துவிடுவார்கள். புதிய நிறுவனம் கட்டமைப்பு வழியாகத் தானே மாற்றிக்கொள்ளும். ஏழு வேலை நாட்களுக்குள் முடிந்துவிடும்.

வாசலுக்கு வந்து 'உங்கள் பில்லைக் காட்டுங்கள், விலை குறைக்கிறோம்' என்பவர்களிடம் பில்லைக் காட்டாதீர்கள். அதிலுள்ள ஈ.எஸ்.ஐ. ஐடி இருந்தால் உங்களைக் கேட்காமலே நிறுவனத்தை மாற்ற முயல்பவர்கள் இருக்கிறார்கள்.

10. முதல் மூன்று பில்களைச் சரிபாருங்கள்

சேமித்த இ.எஃப்.எல். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யூனிட் விலை, அடிப்படைக் கட்டணம், கழிவு மூன்றையும் ஒப்பிடுங்கள். ஸ்மார்ட் மீட்டர் தளத்தில் காட்டும் யூனிட்டும் பில்லில் உள்ள யூனிட்டும் ஒன்றா என்று பாருங்கள். முதல் பில் முழு மாதத்துக்கு இருக்காது. இருபது நாளுக்கான பில்லில் 1,000 யூனிட் வராமல் போகலாம், அப்போது கழிவும் வராது.

பில் அனுப்பிய நாளிலிருந்து கட்ட குறைந்தது 16 நாள் தர வேண்டும். தாமதக் கட்டணம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பிழை இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் எழுதுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் பி.யு.சி. தளத்தில் புகார் படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. பில்லின் நகல், இ.எஃப்.எல்., மின்னஞ்சல் மூன்றையும் இணையுங்கள். நான்கு மாதம் நகராத என் டெபாசிட், அந்தப் புகாருக்குப் பிறகு மூன்று வாரத்தில் வந்தது.

11. முடியும் தேதியை நாட்காட்டியில் எழுதுங்கள்

ஒப்பந்தம் முடிந்து நீங்கள் சும்மா இருந்தால், மாதாமாதம் மாறும் விலைக்குப் போய்விடுவீர்கள். மிக அதிகமான பில்கள் பலருக்கு அங்கேதான் வருகின்றன. முடிவதற்கு முன் நிறுவனம் அறிவிப்புகள் அனுப்ப வேண்டும், ஆனால் அவை விளம்பர மின்னஞ்சல்களுக்கு இடையே புதைந்துபோகும். முடியும் தேதிக்கு முந்தைய 14 நாட்களில் விலகினால் அபராதம் கிடையாது. எனவே நாட்காட்டியில் இரண்டு குறிப்புகள் வேண்டும்: முடிவதற்கு 45 நாள் முன் 'புதிய விலை தேடு', 14 நாள் முன் 'மாற்று'.

நடுவில் வீடு மாறினால் அபராதம் இல்லை. புது முகவரியையும், காலி செய்ததற்கான ஆதாரத்தையும் அனுப்ப வேண்டும். புதிய வாடகை ஒப்பந்தமோ வீடு வாங்கிய பத்திரமோ போதும். அனுப்பிய மின்னஞ்சலைக் கடைசி பில் வந்து டெபாசிட் கணக்கு முடியும்வரை அழிக்காதீர்கள்.